பசை பிடிக்காத ஏழு தாள்கள்

பட்டாசுக்குக் குழாய் உருட்டிய கைகள் உங்களில் சிலருக்காவது நினைவிருக்கும். பூச்சி அரிக்காமலிருக்கத் துத்தம் கலந்த பசையில் நாள் முழுக்க ஊறி, விரல் நுனியில் தோல் உரிந்து, சோறு பிசையும்போது எரியும். நம் வயதுக்காரர்கள் இரண்டு பேர் எங்காவது சந்தித்தால் அந்த எரிச்சலைத்தான் முதலில் பேசுகிறோம். இன்று நான் சொல்ல வந்தது வேறு. அந்தப் பசை ஒட்டாமல் போன ஏழு தாள்களைப் பற்றியும், அவற்றால் எங்கள் அக்காவுக்கு நேர இருந்ததைப் பற்றியும் சொல்ல வேண்டும்.

தாயில்பட்டிக்குப் பக்கத்தில் எங்கள் ஊர். அறுபதுகளின் தொடக்கம். எனக்கு ஒன்பது வயது, அக்காவுக்குப் பதினேழு. எங்கள் வீட்டில் அப்பாவை அய்யா என்றுதான் கூப்பிடுவோம். அய்யா அதற்கு முன் அடுத்தவர் புஞ்சையில் கூலிக்குப் போனவர். மழை இரண்டு மூன்று வருஷம் தொடர்ந்து ஏமாற்றியதும் பட்டாசுக் கம்பெனியில் லோடு ஏற்றி இறக்கப் போனார். அம்மாவும் அக்காவும் வீட்டிலேயே குழாய் உருட்டினார்கள். கம்பெனியிலிருந்து காகிதக் கட்டு வரும். வெட்டி, பசை தடவி, இரும்புக் கம்பியில் சுற்றி, பலகையால் ஓர் உருட்டு உருட்டி உருவிப் போட வேண்டும்.

வந்த காகிதமெல்லாம் வெளிநாட்டுப் பழைய பேப்பர். எங்கே யார் படித்துப் போட்டதோ, கப்பலேறி, லாரியேறி எங்கள் வீட்டுத் தரையில் வந்து விழும். கட்டைப் பிரித்ததும் ஈரச் சாக்கும் மண்ணெண்ணெயும் கலந்த மாதிரி ஒரு வாடை வரும். எனக்கு அந்த வாடை பிடிக்கும். தொப்பி போட்ட வெள்ளைக்காரர்கள், பனியில் நிற்கும் வீடுகள், பெயர் தெரியாத பழங்கள் எல்லாம் அக்காவின் கம்பியில் சுருண்டு குழாயாகிப் போகும்.

எப்போதாவது கட்டுக்கு நடுவில் வழவழப்பான தாள் வரும். அதில் பசை நிற்காது. உருட்டினால் கொஞ்ச நேரத்தில் தானாகப் பிரிந்துவிடும். அம்மா அதை அடுப்பெரிக்க ஒதுக்கிவிடுவாள். அப்படி ஒதுக்கியதில்தான் அக்கா அந்த ஏழு தாள்களைப் பார்த்தாள்.

முதல் தாளில் கடல். மேலே சாம்பல் நிற வானம். அந்த வானத்தில் பாதியை அடைத்துக்கொண்டு ஒரு பிராணி பறந்தது. வௌவால் மாதிரிச் சிறகு, ஈட்டி மாதிரி மூக்கு, தலைக்குப் பின்னால் கத்தியைச் செருகியது போலக் கொண்டை. கீழே கடலில் அதன் நிழல் மட்டுமே ஒரு தோணி அளவுக்கு இருந்தது.

"இது என்னக்கா, பூதமா?" என்று கேட்டேன்.

"பூதம்னா காலுக்குக் கீள நம்பர் போட்டு வெளக்கம் எளுதுவாகளா?" என்றாள் அக்கா. படத்தில் எலும்பு எலும்பாகப் பிரித்து, பக்கத்தில் சின்ன எழுத்தில் என்னென்னவோ குறித்திருந்தது. அக்கா எட்டாவது வரை படித்தவள். எழுத்துக் கூட்டுவாள், அர்த்தம் தெரியாது. மூன்று நாள் முயன்றும் ஒரு வரிகூடப் பிடிபடவில்லை. ஊர் வாத்தியாரிடம் கொடுத்தனுப்பினாள். அவர் ஒரு தடவை பார்த்துவிட்டு, "வெள்ளைக்காரன் பிள்ளைகளுக்குக் கட்டுற கதை. போய் வேலையைப் பாரு" என்று என்னிடமே திருப்பிக் கொடுத்துவிட்டார்.

அக்கா விடவில்லை. இரண்டு மைல் தள்ளி ஒரு மருந்தகம் இருந்தது. டாக்டர் வாரத்துக்கு ஒரு நாள் வருவார்; மற்ற நாளெல்லாம் கம்பவுண்டர்தான். முப்பத்தைந்து வயதிருக்கும். தடித்த மூக்குக் கண்ணாடி. மனைவியும் பிள்ளையும் சாத்தூரில். இங்கிலீஷ் பேப்பர் படிப்பார் என்று கேள்விப்பட்டு, அக்கா வயிற்றுவலி என்று அம்மாவிடம் சொல்லிவிட்டு என்னையும் கூட்டிக்கொண்டு போனாள். தாள்கள் காலி மருந்துப் பாட்டிலோடு துணிப்பைக்குள் இருந்தன.

கம்பவுண்டர் நாக்கை நீட்டச் சொன்னார். அக்கா நாக்கை நீட்டாமல் தாளை நீட்டினாள்.

அவர் கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு வெகுநேரம் பார்த்தார். வரிசையில் நின்றவர்கள் இருமினார்கள். "இதுல பாதி வார்த்தை எனக்கே தெரியாதும்மா. அகராதி வச்சுத்தான் பார்க்கணும். அடுத்த வாரம் வாங்க" என்றார்.

அப்படி ஆரம்பித்தது. வாரம் ஒரு தாள். மருந்துச் சீட்டின் பின்பக்கம் பென்சிலால் பொடி எழுத்தில் தமிழில் எழுதி வைத்திருப்பார். ரோஸ் நிற மருந்தை அளவுக் காகிதம் ஒட்டிய பாட்டிலில் ஊற்றிக் கொடுக்கும்போது சீட்டையும் கொடுப்பார். மருந்தைத் திரும்பும் வழியில் ஓடைக்கரையில் கொட்டிவிட்டு, வேலிமர நிழலில் உட்கார்ந்து சீட்டை வாசிப்போம்.

சிறகு விரித்தால் இருபத்தைந்து அடி என்று ஒரு சீட்டில் இருந்தது. அது எவ்வளவு என்று பார்க்க, வேலியில் காய்ந்த அம்மாவின் எட்டு கெஜச் சேலையை எடுத்துப் பொட்டலில் விரித்தோம். ஒரு முனையை அக்கா பிடித்துக்கொண்டாள், மறுமுனையை நான். "இன்னும் ஒரு அடி தள்ளிப் போ" என்றாள். சேலைக்கு வெளியே ஓர் அடி தள்ளி நின்று நான் கையை விரித்தேன். அக்கா அங்கிருந்து கூப்பிட்ட குரல் எனக்குத் தூரத்தில் கேட்டது.

இன்னொரு சீட்டில், எலும்பெல்லாம் உள்ளே காற்றுதான், அவ்வளவு பெரிய சிறகு இருந்தும் உடம்பின் கனம் ஒரு சின்னப் பிள்ளையின் கனமே என்று இருந்தது. அக்கா உடனே என்னை இடுப்பில் தூக்கிப் பார்த்தாள். "இம்புட்டுத்தான் இருந்திருக்கும்" என்று சொல்லி இறக்கிவிட்டாள். வீடு வரும் வரை நான் கையை விரித்துக்கொண்டே நடந்தேன்.

அக்கா சிரித்து நான் அதிகம் பார்த்ததில்லை. அந்த ஒரு மாதம் பார்த்தேன். குழாய் உருட்டும்போது தானாகச் சிரிப்பாள். அம்மா அதைக் கவனித்திருக்கிறாள். வயிற்றுவலிக்காரி எதற்கு மருந்தகம் போகிற அன்று மட்டும் தலையை எண்ணெய் வைத்து வாருகிறாள் என்பதையும் கவனித்திருக்கிறாள். ஊரும் கவனித்தது. கிணற்றடியில் யாரோ அம்மாவிடம், "உன் மகளுக்கு வயித்துல என்ன, அடிக்கடி கம்பவுண்டர்ட்டப் போறா?" என்று கேட்டுவிட்டார்கள்.

அந்த வாரம் அக்கா என்னை விட்டுவிட்டுத் தனியாகப் போயிருந்தாள். எனக்குக் காய்ச்சல். இருந்தாலும் கோபம். அம்மா பக்கத்தில் உட்கார்ந்து நெற்றியைத் தடவி, "அக்கா எதையோ ஒளிச்சு வச்சிருக்காளே, எங்கனடி?" என்று கேட்டதும், கூரைச் செருகலில் இருந்த பவுடர் டப்பாவைக் கை காட்டினேன். அதில் என்ன தப்பு இருக்கிறது என்று எனக்குத் தெரியவில்லை. டப்பாவில் சீட்டுகள் இருந்தன. தாள்கள் அக்காவின் பைக்குள் இருந்தன.

அம்மாவுக்கும் அய்யாவுக்கும் எழுத்துத் தெரியாது. ஓர் ஆண்பிள்ளையின் கையெழுத்து, கொத்தாக, மடித்து மடித்து ஒளித்து வைத்திருக்கிறது. அவர்களுக்கு அது போதுமாக இருந்தது.

ஆமத்தூரிலிருந்து எங்கள் தாய்மாமா வந்தார். அய்யாவும் அவரும் மருந்தகத்துக்குப் போனார்கள். நடந்ததைப் பிறகு மற்றவர்கள் சொல்லித்தான் கேட்டேன். அய்யா ஒரு வார்த்தையும் பேசாமல் கம்பவுண்டரின் சட்டையைப் பிடித்து இழுத்திருக்கிறார். கன்னத்தில் ஓர் அறை. கண்ணாடி தெறித்துச் சிமெண்டுத் தரையில் விழுந்திருக்கிறது. நோயாளிகள் விலக்கிவிட்டிருக்கிறார்கள். கம்பவுண்டர், "என்னன்னு சொல்லிட்டு அடிங்க" என்று மட்டும் கேட்டாராம்.

வீட்டில் அக்காவை யாரும் அடிக்கவில்லை. கேட்கவும் இல்லை. அதுதான் அவளை ஊமையாக்கியது என்று இப்போது நினைக்கிறேன். அவளாகவே சொல்ல வாயெடுத்தபோது அம்மா, "பேசாத. உன் வாயைத் தொறக்காத" என்றுவிட்டாள். நான் சொல்லப் போனபோதும் அதே அதட்டல்தான். மாமா தன் மகனுக்கே கட்டிக்கொள்வதாகச் சொன்னார். ஊர் வாயை அடைக்க அதுதான் வழி, வருகிற முகூர்த்தத்திலேயே முடித்துவிடலாம் என்று பேச்சு. மூன்று நாள் அக்கா அம்மிக்குப் பக்கத்தில் சுவரைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள்.

மாமாவுக்கு அதோடு ஆறவில்லை. சீட்டுகளைப் பெரிய டாக்டரிடம் காட்டி அந்த ஆளை வேலையிலிருந்து தூக்க வேண்டும் என்றார். "கொண்டு போறதுக்கு முன்னாடி என்ன எளுதியிருக்கான்னு நாம தெரிஞ்சுக்கிடணும்" என்றார் அய்யா. வெளியாளிடம் கொடுத்தால் மானம் போகும். நாலாவது படிக்கும் என்னைக் கூப்பிட்டார்கள்.

சாயங்கால வெயில் வாசல் வழியாக உள்ளே விழுந்திருந்தது. மாமா கட்டிலில், அய்யா தரையில், அம்மா நிலைப்படியில். டப்பாவை என் கையில் கொடுத்து, "படி" என்றார் அய்யா.

எழுத்துக் கூட்டிப் படித்தேன். "இது பறவை அன்று. பல்லி, ஓணான், முதலை இவற்றுக்கு உறவு. உடம்பில் இறகு கிடையாது."

"யாரைப் பல்லிங்குறான்?" என்றார் மாமா.

"வாயில் பல் இல்லை. தலைக்குப் பின்னால் நீளமான கொண்டை உண்டு."

"கொண்டையா?" மாமா நிமிர்ந்து உட்கார்ந்தார். அம்மா அக்காவின் பின்னலைப் பார்த்தாள்.

"கையின் நாலாவது விரல் மட்டும் ஆள் உயரத்துக்கும் மேல் நீளம். அந்த விரலிலிருந்து உடம்பு வரை இழுத்துக் கட்டிய தோலே சிறகு. கடலின் மேல் நாள் முழுதும் சிறகை அடிக்காமல் மிதக்கும். பசித்தால் தாழ வந்து மீனைப் பிடிக்கும்."

நான் அடுத்த சீட்டை எடுத்தேன். "தரையில் இது பரிதாபமான பிராணி. சரியாக நடக்க முடியாது. தட்டையான தரையில் இறங்கிவிட்டால் மறுபடி எழ முடியாது. மலை விளிம்பிலிருந்து விழுந்துதான் பறக்கும்."

"பாவம்" என்றாள் அம்மா, தன்னையறியாமல்.

மாமா கட்டிலைத் தட்டினார். "இவ கதை கட்டுறா மாப்ள. அக்காளைக் காப்பாத்த இவளாச் சொல்லுறா. இத எவன் ஒரு பொம்பளப்புள்ளைக்கு எளுதுவான்?"

அந்த நேரம் தெருவில் தபால்காரரின் சைக்கிள் மணி கேட்டது. அய்யா எழுந்து போய் அவரைக் கூப்பிட்டு வந்தார். மானம் போனாலும் போகட்டும் என்று முடிவு செய்திருப்பார் போல. தபால்காரர் நின்றபடியே சீட்டுகளை வாங்கி, தந்தி வாசிக்கிற குரலில் படித்தார். ஒரு சொல் மாறவில்லை. பல்லி வந்தது, கொண்டை வந்தது, நாலாவது விரல் வந்தது. முடித்துவிட்டு அவர் கேட்டார்: "இது என்ன பெராணி? எந்த ஊர்ல இருக்கு?"

"இப்ப எங்கயும் இல்ல" என்றாள் அக்கா. மூன்று நாளில் அவள் பேசிய முதல் வார்த்தை. "மனுசன் வாரதுக்கு ரொம்ப முன்னாடியே அத்துப்போச்சு. எலும்பு மட்டும் பாறைக்குள்ள கெடக்காம்."

எழுந்து போய்ப் பையிலிருந்து ஏழு தாள்களையும் கொண்டுவந்து அய்யா முன்னால் வைத்தாள். அய்யா முதல் தாளை உடனே தொடவில்லை. வேட்டியில் கையைத் துடைத்துக்கொண்டு பிறகு தொட்டார். அந்த நாலாவது விரலின் மேல் தன் கட்டைவிரலை வைத்து முனைவரை மெதுவாகக் கொண்டுபோனார். அன்று ராத்திரி அவர் சாப்பிடவில்லை.

ஒரு வாரம் கழித்து, கம்பெனிக்கு லீவு சொல்லிவிட்டு, வெள்ளைச் சட்டை போட்டுக்கொண்டு, அக்காவையும் என்னையும் கூட்டிக்கொண்டு மருந்தகத்துக்கு நடந்தார். கையில் சாத்தூர்க் காராச்சேவுப் பொட்டலம்.

கம்பவுண்டர் எங்களைப் பார்த்ததும் ஓர் அடி பின்னால் போனார். கை தானாகக் கண்ணாடிக்குப் போனது. கண்ணாடியின் ஒரு காதைக் கட்டுத்துணி நூலால் கட்டியிருந்தார். அந்த ஓர் அடி அய்யாவை எவ்வளவு வருத்தியிருக்கும் என்று எனக்கு அப்போது தெரியாது. இப்போது அதை நினைக்காமல் என்னால் அவரை நினைக்க முடிவதில்லை. அய்யா மற்றவர்களோடு வரிசையில் நின்றார். முறை வந்ததும் பொட்டலத்தை மேசையில் வைத்தார்.

"ஒடம்புக்கு என்ன?" என்றார் கம்பவுண்டர்.

"ஒடம்புக்கு ஒண்ணுமில்லய்யா." பின்னால் நின்றவர்கள் எட்டிப் பார்த்தார்கள். அய்யா தொண்டையைச் செருமிக்கொண்டார். "அந்தப் பெராணி தரையில எறங்கினா எந்திரிக்க மாட்டாதுன்னு எளுதியிருக்கீகளாம்ல."

"புஸ்தகத்துல அப்படித்தான் போட்டிருக்கு."

"அது சரியாப் படலையே."

கம்பவுண்டர் அவரைப் பார்த்தார்.

"அம்புட்டு நீளக் கை இருக்குல்ல. காலு சூம்பிக் கெடக்கு. அது காலை நம்பி எதுக்கு எந்திரிக்கணும்? கனத்தை மேல வச்சுக்கிட்டுக் குந்தியிருக்கிறவன் கையத்தான ஊண்டுவான்?" சொல்லிக்கொண்டே அய்யா அந்தச் சிமெண்டுத் தரையில் குந்தினார். சிறகை மடக்கியது போல முழங்கைகளை மடக்கி, இரண்டு கையையும் முன்னால் ஊன்றி, ஓர் உந்து உந்தி எழுந்தார். வெள்ளைச் சட்டை தோளில் தையல் விட்டது. "இப்பிடி. கையே றெக்கை. ஊண்டுன கையை அப்படியே விரிச்சிட்டாப் போதும்."

வரிசையில் நின்ற ஓர் அம்மா பிள்ளையை இழுத்துக்கொண்டு நகர்ந்து நின்றாள். கம்பவுண்டர் சிரிக்கவில்லை. ஒரு சீட்டை எடுத்துப் பென்சிலால் எழுதி அக்காவிடம் கொடுத்தார். "கையை ஊன்றி எழும் என்பது இவ்வூர் ஒருவரின் கருத்து. யோசிக்கத் தக்கது" என்று அதில் இருந்தது.

"அன்னைக்குக் கையை நீட்டிட்டேன்" என்றார் அய்யா, தரையைப் பார்த்து.

"விடுங்கண்ணே" என்றார் கம்பவுண்டர். "எனக்கும் ஒரு மக இருக்கா."

சில வருஷங்களுக்கு முன் மகள் வீட்டில் தொலைக்காட்சியில் அந்தப் பிராணிகளைப் பற்றி ஒன்று போட்டார்கள். அதைவிடப் பெரியதெல்லாம் பிற்பாடு தோண்டி எடுத்திருக்கிறார்களாம். ஒட்டகச்சிவிங்கி உயரத்துக்கு நின்றிருக்கிறது. உடம்பில் மெல்லிய ரோமம். கனம் சின்னப் பிள்ளையின் கனமெல்லாம் இல்லை, அதற்கு மேலே. தரையில் பரிதாபமாகக் கிடக்கவும் இல்லை. சிறகை மடக்கி நாலு காலில் நன்றாகவே நடந்திருக்கிறது. கைகளைத் தரையில் ஊன்றி உந்தித்தான் வானத்தில் ஏறியிருக்க வேண்டும் என்று இப்போது பலர் சொல்கிறார்களாம். ஆக, தெரிந்தவர்களும் அதைத் தப்பாகத்தான் நினைத்திருக்கிறார்கள். நான் உடனே அக்காவுக்குப் போன் போட்டேன். அக்கா முப்பது வருஷம் தாதியாக இருந்து ஓய்வு பெற்றவள். எட்டாவது தேறியதே போதும் என்று அந்தப் பயிற்சிக்கு விண்ணப்பம் எழுதிக் கொடுத்தது அந்தக் கம்பவுண்டர்தான். நான் சொன்னதை முழுக்கக் கேட்டுவிட்டு, "அய்யாட்டச் சொல்ல முடியலையே" என்று மட்டும் சொன்னாள்.

அன்று மருந்தகத்திலிருந்து திரும்பும்போது வெயில் ஏறியிருந்தது. ஓடைக்கரையில் அக்கா நின்றுவிட்டாள். "அய்யா, எனக்கு இப்பக் கல்யாணம் வேணாம்" என்றாள். அய்யா முன்னால் நடந்தார். கொஞ்ச தூரம் போனபின், "அவரு எத்தன தாளு முடிச்சிருக்காரு?" என்று கேட்டார்.

"நாலு. மூணு பாக்கி இருக்கு."

வீட்டுக்கு வந்தால் மாமா உட்கார்ந்திருந்தார். நாள் குறித்துக்கொண்டு வந்திருந்தார். அய்யா வெள்ளைச் சட்டையைக் கழற்றி ஆணியில் மாட்டினார். செம்பில் தண்ணீர் வாங்கிக் குடித்தார். மாமா அக்காவை ஏற இறங்கப் பார்த்துவிட்டுக் கேட்டார்: "மறுபடியும் அங்கனதான் போயிட்டு வாரீகளா? உண்மையைச் சொல்லு மாப்ள. பிள்ளைக்கு என்ன சீக்கு?"

"சீக்கெல்லாம் ஒண்ணுமில்ல மச்சான்" என்றார் அய்யா. "படிச்சுக்கிட்டிருக்கா. முடிக்கட்டும்."